நாலாவது இழுப்பறை

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தி. நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அன்வர் பாஷாவின் கடையில், என் மெஷின் பிழைக்குமா பிழைக்காதா என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு ஜூலை மாதக் காலையில், அது தானாக என் காதில் விழுந்தது. மெஷினுக்குள் நான் பாதி எழுதிய நாவல் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது.

"இன்னா சார், எழவு வூட்ல ஒக்காந்தாப்ல ஒக்காந்துகினு கீறீங்க?" என்றார் அன்வர் பாஷா, பல்லிடுக்கில் ஒரு ஸ்க்ரூவோடு. "ஒங்க மெஷினுக்குப் பெர்சா ஒண்ணியும் இல்ல. இத்தவிட மோசமானது ஒண்ணு பட்டினப்பாக்கத்துல ஓடிக்கினு கீது. ஒரு மனுசனுக்கு வாயா ஓடிக்கினு கீது."

பூனைக்கு எதிரே கருவாட்டை ஆட்டிவிட்டுச் சும்மா இரு என்றால் இருக்குமா? நாவலை மறந்தேன். மிச்சக் கதையைக் கேட்டேன். அடுத்த மாதமே அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போய், அந்த மனிதரின் மனைவி எஸ்தரிடம் எழுத அனுமதியும் வாங்கினேன். அனுமதி ஒரு நிபந்தனையோடு வந்தது.

"எழுதிக்கோங்க. ஆனா ஒண்ணு. அவரு பேசாததைப் பேசினாருனு எழுதக்கூடாது. அவராண்ட கீறதே முப்பது பேச்சு. நீங்க பாட்டுக்கு முப்பத்தொண்ணாவது சேத்துட்டுப் போயிடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். இல்லாததை எழுதியே பிழைப்பு நடத்துகிறவனிடம் இப்படி ஒரு சத்தியம் வாங்கினால் அவன் என்ன ஆவான் என்று இனிமேல் நீங்கள் பார்க்கப்போகிறீர்கள்.*

*ஆகவே, கீழே எஸ்தரின் புருஷன் ஆண்டனி பேசுவதெல்லாம் எஸ்தர் எனக்குச் சொன்னபடி, அல்லது நானே கேட்டபடி. மற்றவர்கள் பேச்சில் கொஞ்சம் கைவைத்திருக்கிறேன். அன்வர் பாஷா நிஜத்தில் இன்னும் நிறையப் பேசுவார்.

2

தொடக்கம் மட்டும் நாலு தடவை எழுதினேன். அடித்தவற்றையும் காட்டிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

"பழைய கணினிகளுக்கு ஏற்ற, எடை குறைந்த மேசைச்சூழல் ஒன்றை நிறுவ விரும்புவோர் முதலில் தம் கணினியின் நினைவகத்தைச் சரிபார்த்து—" [இது கதையா, மருந்துச் சீட்டா? அடித்தேன்.]

"கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாக—" [மீனவர் வீட்டுக் கதை என்றதும் கடலைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துகிற கெட்ட பழக்கம். அன்று கடல் எப்படி இருந்தது என்று எஸ்தருக்கே நினைவில்லை.]

"ஆண்டனியின் தொண்டையில்—" [முதல் வரியிலேயே அனுதாபத்துக்கு உண்டியல் குலுக்கக்கூடாது.]

"எஸ்தர் மடியில் மானிட்டரை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள்."

இதை அடிக்க மனம் வரவில்லை. இதிலிருந்து போவோம்.

3

எஸ்தர் மடியில் மானிட்டரை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். கணினிப் பெட்டி காலடியில். 1999, பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். தி. நகரில் ஏறி, தேனாம்பேட்டை சிக்னலில் பத்து நிமிடம் வெந்து, ஆழ்வார்பேட்டைப் பள்ளங்கள் ஒவ்வொன்றுக்கும் மானிட்டரை நெஞ்சோடு அணைத்து, பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு அதை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. தி. நகரில் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை. அங்கே ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த 486 வகைக் கணினியைத்தான் கேட்டு வாங்கி வந்திருந்தாள். மேனேஜர் சுப்பராமன் எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடுத்துண்டு போம்மா. ஆத்துல உபயோகமா இருக்கட்டும். இங்க தூசியத்தானே தின்னுண்டிருக்கு," என்றார்.

அவள் புருஷன் ஆண்டனி, சீனிவாசபுரம் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். நாற்பது வயது. காற்று, அலை, காக்கை, பேரம் பேசும் நூறு பெண்கள் என எல்லாவற்றுக்கும் மேலாக அவர் குரல் ஒன்று ஏறி நிற்கும். கரையில் அவர் 'ஒரு தரம்' என்றால் ஹவுசிங் போர்டு இரண்டாவது மாடியில் எஸ்தர் உலை வைப்பாள். அதுதான் அவர்கள் வீட்டுக் கடிகாரம். அந்தக் குரல் ஆறு மாதமாகக் கரகரத்தது. சளி என்றார்கள். சளி இல்லை என்று அடையாறு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குரல்வளையை எடுக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை.

"உயிருக்கு நல்ல நம்பிக்கை இருக்கு," என்றார் டாக்டர். "குரல் மட்டும் இருக்காது. சொல்ல வேண்டியதை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. ஆனா கத்தாதீங்க."

அதைக் கேட்டு ஆண்டனி சிரித்தாராம். எஸ்தருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க அவர் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறார் என்பதையல்ல, சத்தத்தை. பதினான்கு வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம் ஒரு வாரத்தில் நின்றுபோகும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த வீட்டில் அது நிற்கக்கூடாது.

[இங்கே ஒரு வாசகர் கை தூக்குவது தெரிகிறது. டேப் ரிக்கார்டர் இருக்கும்போது கம்ப்யூட்டர் எதற்கு? எஸ்தரும் யோசித்தாள். தண்ணீர் கேட்பதற்கு கேசட்டைச் சுற்றித் தேடினால், இடம் கிடைப்பதற்குள் தாகம் தானாக அடங்கிவிடும். நினைத்த மாத்திரத்தில் வாய்க்கு வர வேண்டும். பேச்சு என்றால் அதுதானே.]

4

மெஷினில் ஏற்கெனவே இருந்த மென்பொருள் அதன் வயதுக்கு மீறிய சுமை. எட்டு எம்.பி. நினைவகம். சனிக்கிழமை சாயங்காலம் எஸ்தர் ஒரு சின்ன மைக்கைச் செருகி, ஆண்டனி சொன்ன ஒரு வார்த்தையை அதில் பதிந்து பார்த்தாள். திரும்பக் கேட்டால் நடுவில் விக்கியது. "எஸ்… எஸ்… தரு" என்று தன் பெயரைத் தானே கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அலுவலகத்து மெஷின்களைப் பழுது பார்க்க வந்து போகிற பழக்கத்தில் அன்வர் பாஷாவுக்கு அன்றே போன் செய்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மனிதர் காலையிலேயே பையோடு வந்துவிட்டார்.

"மெஷினு கெழவன் சிஸ்டர். அதும் தலைல இம்மாம் பெரிய மூட்டைய வெச்சிகீறாங்க. மூட்டைய எறக்குவோம்."

பையிலிருந்து எடுத்தது ஒரு பத்திரிகையோடு வந்த குறுந்தகடு. அதில் லினக்ஸ். உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து பலர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டுவைத்த மென்பொருள். அதன் மேல் படமும் பட்டனும் காட்ட ஒரு மேசைச்சூழல் வேண்டும். கனமானவையும் இருந்தன, லேசானவையும் இருந்தன. அன்வர் பாஷா லேசான ஒன்றைத் தேர்ந்தார். எக்ஸ், எஃப், சி, ஈ என்று நாலு எழுத்து.

"பேரு இன்னா பாய்?"

"அத்த வாயில வெச்சி சொல்றாப்ல வெக்கல சிஸ்டர். எளைச்ச மெஷின்லயும் ஓடும், அவ்ளோதான்."

நடுவில் ஒரு கண்டம். மானிட்டரின் அலைவரிசை எவ்வளவு என்று திரை கேட்டது; தப்பாகச் சொன்னால் மானிட்டர் பழுதாகலாம் என்று எச்சரிக்கையும் போட்டது. கையேடு கிடையாது. எஸ்தர் டார்ச் லைட்டோடு மானிட்டருக்குப் பின்னால் போய், துருவேறிய தகட்டைத் துடைத்துத் துடைத்து எண்களைப் படித்தாள். ஆண்டனி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பொகை வந்தா சொல்லு, கருவாடு சுட்டுக்கலாம்" என்றார்.

ஒரு கட்டளையைத் தட்டினார் அன்வர் பாஷா. திரை இருண்டது. உள்ளே டக் என்று ஒரு சத்தம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

பிறகு சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியான ஒரு பின்னல், கோரைப்பாய் விரித்தது போல, திரை முழுக்கப் பரவியது. நட்ட நடுவில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி. வேறு எதுவும் இல்லை. எஸ்தர் சட்டென்று நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சாஞ்ச சிலுவ," என்றாள்.

"அந்திரேயர் சிலுவமே அது. அவர இப்டி சிலுவைலதான் அறைஞ்சாங்க," என்றார் ஆண்டனி. "அவரும் வலைக்காரர்தான்."

அதே சாம்பல் திரையை நானும் பார்த்திருக்கிறேன். பழுது என்று நினைத்து அணைத்திருக்கிறேன். எஸ்தர் அதைப் பார்த்த மாதிரி நான் எதையாவது பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

சாம்பல் மறைந்து நிறம் வந்தது. திரையின் அடியில் ஒரு பட்டை. பட்டையில் வரிசையாகப் படங்கள். ஒவ்வொரு படத்தின் தலையிலும் ஒரு சின்ன முக்கோணம். அதை அமுக்கினால் மேல்நோக்கி ஓர் இழுப்பறை திறந்தது. எதை வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம். பெயர் என்ன என்று கேட்டது. அமுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது.

"அவ்ளோதானா?" என்றாள் எஸ்தர்.

"அவ்ளோதான்."

"நான் யாருன்னு கேக்கலியே?"

"கேக்காது சிஸ்டர்."

ரேஷன் கடை முதல் ஆஸ்பத்திரி வரை, யார் நீ, எங்கே சீட்டு என்று கேட்காத இடம் எதையும் அவள் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத யாரோ, இவளுக்கு என்ன தேவைப்படும் என்று தெரியாமலே, காலி இழுப்பறைகளைச் செய்து திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குச் சொல்லும்போதும் அவள் குரல் அந்த இடத்தில் தாழ்ந்துபோயிற்று.

5

நாலு இழுப்பறைகளை ஒதுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பேச்சு. அதற்கு மேல் சேர்த்தால் இழுப்பறை திரையைத் தாண்டிப் போயிற்று.

மிச்ச வாழ்நாளுக்கு நாற்பது வாக்கியங்கள்.*

*நானும் உட்கார்ந்து எனக்கான நாற்பதை எழுதிப் பார்த்தேன். பதினொன்றுக்கு மேல் ஓடவில்லை. அதில் நாலு, காப்பியைப் பற்றியது. நீங்களும் எழுதிப் பாருங்கள். பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

ஆண்டனிக்கு இந்தக் கஷ்டமே இல்லை. முதல் இழுப்பறைக்கு 'வூடு' என்று பெயர். எடுத்த எடுப்பில் ஒரு கெட்ட வார்த்தையைப் பதிந்தார். எஸ்தர் முறைத்தாள்.

"ஒரு திட்டுகூட இல்லாம மனுசன் எப்டிமே வாழ்வான்?" என்றார். அது நியாயம்தான் என்று பட்டதால் அதை வைத்துக்கொண்டாள். பிறகு வந்தவை: எஸ்தரு, தண்ணி. சாப்டியா? யார்ரா அது? மீன் கொழம்புல புளி பத்தல. சும்மா இருமே. டீ குடிக்கிறியா? எனக்கு ஒண்ணும் இல்ல. ஃபேனை நிறுத்து. பஸ்சு கெட்ச்சிதா?

கடைசியை அவர் சொன்னபோது எஸ்தர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தினமும் பன்னிரண்டு பி பஸ்சில் தொங்கிக்கொண்டு வந்து படியேறும்போது அவர் கேட்பது அது. பதில் சொன்னதாகவே அவளுக்கு நினைவில்லை.

மூன்றாவது இழுப்பறை 'கோயில்'. பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், கூட்டத்தோடு சொல்லும் பதில்கள், தனியாக ஓர் ஆமென். இரண்டாவது 'கரை'. அதில்தான் தகராறு.

கரை இழுப்பறைக்கு ஏலத்தை முழுசாகக் கூறச் சொன்னாள். ஆண்டனி எழுந்து நின்றார். உட்கார்ந்து கூற அவருக்கு வராது. வஞ்சிரம், பாறை, சங்கரா என்று கூடை கூடையாக ஏற்றி, "ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று இழுத்து, நிறுத்திவிட்டார்.

"மூணு?" என்றாள் எஸ்தர்.

"அது முடியாது."

"இன்னாத்துக்கு?"

"மீனு எங்க? எடுக்கறவ எங்க? மூணு தரம் சொல்ட்டா முடிஞ்சிச்சு. எங்கப்பாகூட வெளாட்டுக்கு சொன்னது கெடையாது."

அது கரையின் சட்டம். முதல் தரம் கூப்பிடுவது. இரண்டாம் தரம் யோசிக்கச் சொல்வது. மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் தெய்வமே வந்தாலும் கூடை கை மாறிவிட்டது. காலி மணலில் நின்று மூன்றாம் தரம் சொன்னவனை மறுநாள் ஒரு படகுக்காரரும் கூப்பிட மாட்டார். எஸ்தர் கெஞ்சினாள். எதிரே இருப்பது மைக்தான் என்றாள். ஆண்டனி அசையவில்லை. அந்த ஏலம் இன்றைக்கும் அந்த மெஷினில் இரண்டாம் தரத்தோடு அந்தரத்தில் நிற்கிறது.

6

இனி அந்தத் தப்பு. முதல் வரைவில் தப்பு அன்வர் பாஷாவுடையது என்று எழுதியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. எஸ்தருக்குப் படித்துக் காட்டியதும், "ஐயே, பாய் மேல பழி போடாதீங்க, தப்பு எங்களுது" என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டு, காலை முதல் சாயங்காலம் வரை மூன்று இழுப்பறைக்கான முப்பது பேச்சையும் பதிந்து முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில், பட்டன்களில் சேர்ப்பதற்காக ஒவ்வொன்றாய்க் கேட்டாள்; மூன்றாவது இழுப்பறைக்கு வருமுன்னே நிறுத்திவிட்டாள். கரகரவென்று உடைந்திருந்தது. வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி. வார்த்தை புரிந்தது; ஆண்டனி இல்லை.

நோய் முற்றிவிட்டது என்று நினைத்தாள். தினமும் கூடவே இருப்பதால் தன் காதுக்குத் தெரியவில்லை, மெஷின் உள்ளதைச் சொல்லிவிட்டது என்று நினைத்தாள். ஆறு மாதம் முன்னால் இது தோன்றாமல் போயிற்றே என்று சுவரில் தலையைச் சாய்த்து நின்றாள். ஆண்டனி கட்டிலிலிருந்து கேட்டுவிட்டு, "இதான் என் கொரலா?" என்றார். அன்று மத்தியானம் வரை அந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

[இங்கே ஓர் இருபது வரி எழுதிக் கிழித்தேன். கடல் மறுபடி உள்ளே வந்துவிட்டது.]

அவளைக் காப்பாற்றியது டேட்டா என்ட்ரி புத்தி. ஒரு தடவை அடித்ததை மறுபடி முதலிலிருந்து சரிபார்க்காமல் அவளால் விட முடியாது. மறுபடி கேட்டாள். ஏழாவது பதிவில், உடைந்த குரலுக்குப் பின்னால், சாந்தோம் கோயில் மணி அடித்தது. கீறல் இல்லாமல், சுத்தமாக.

மணி சுத்தமென்றால் மைக்கில் கோளாறு இல்லை. மூன்றாவது இழுப்பறைக்கான பதிவுகளுக்குப் போய் அந்த ஆமெனைக் கேட்டாள். அதுவும் சுத்தம். கொஞ்சம் கம்மியது, அவ்வளவுதான். ஆண்டனியேதான். கோயிலில் தலை குனிந்து முணுமுணுக்கும் ஆண்டனி.

அப்படியானால் நோயும் இல்லை. பிறகென்ன?

"யோவ்!" என்று கத்தினாள். "ஏன்யா மைக்கு வாயாண்ட வெச்சிகினு கரைல கத்தறாப்ல கத்தினே?"

"மெதுவாத்தானே பேசினேன்," என்றார் ஆண்டனி. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் காற்றோடு மல்லுக்கட்டினவருக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாமல் போயிருந்தது. மைக் தாங்குகிற அளவைத் தாண்டினால் சத்தத்தின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடம் கரகரக்கும். தண்ணீர் கேட்டாலும் ஏலம்தான். கடவுளிடம் மட்டும்தான் அவர் தணிந்து பேசியிருக்கிறார்.

7

புதன்கிழமை. ஒரே ஒரு பகல்தான் பாக்கி. வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கும். தணிந்து பேசச் சொல்லிப் பார்த்தாள். தணித்தால் அது ஆண்டனியாக இல்லை. யாரோ வட்டி கட்டாதவன் பேசுவது போல இருந்தது. ஆகவே மனிதரைத் திருத்தாமல் மைக்கை நகர்த்தினாள். வீட்டுக்குள் மேசை மேல் மைக். வராந்தாவின் அந்தக் கோடியில் ஆண்டனி. நடுவில் நாலு வீட்டு வாசல்.

அந்த நாலு வீட்டுக்கும் விஷயம் தெரிந்தது. கேட்காமலே ரேடியோ நின்றது. கீழே அடிபம்பு நின்றது. பிள்ளைகளை இடுப்பில் வைத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். எந்நேரமும் இரைச்சலிடும் ஹவுசிங் போர்டு இரண்டாவது மாடி அப்படி மௌனமாக நின்றதை எஸ்தர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அத்தனை பேர் நடுவே ஒரு மனிதர் நிமிர்ந்து நின்று, "எஸ்தரு, தண்ணி" என்றார். "மீன் கொழம்புல புளி பத்தல" என்றார். "பஸ்சு கெட்ச்சிதா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு முத்துலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எஸ்தர் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஆண்டனி இருந்தார்.

முப்பதும் முடிந்தபோது மணி நாலு. நாலாவது இழுப்பறை காலியாக நின்றது. அதில் என்ன போடுவது என்று அதுவரை இருவரும் பேசவில்லை. ஆண்டனி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். இந்த நாலு நாளில் பதிவு பட்டனை எப்படி அமுக்குவது என்று பார்த்தே கற்றிருந்தார்.

"போய் டீ வாங்கினு வா," என்றார்.

"வூட்லயே போட்றேன்."

"கடை டீ வோணும். போ."

அவள் தூக்குவாளியோடு போனாள். திரும்பி வந்தபோது ஆண்டனி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். மெஷினில் புதிதாக ஒரு பதிவு.

"அத்த நாலாவதுல வெய்யி. பேரு போடாத. கேக்காத. எப்பனு நான் பாத்துக்கறேன்," என்றார்.

அவள் அப்படியே வைத்தாள். கேட்கவில்லை. ஆனால் டேட்டா என்ட்ரி கண் சும்மா இருக்குமா? எத்தனை பைட் என்று பட்டியலில் பார்த்துவிட்டது. நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம். நொடிக்குப் பதினோராயிரம் என்று அதற்குள் அவளுக்குக் கணக்குத் தெரியும். நாலு நொடி.

8

உயிருக்கு டாக்டர் சொன்ன நம்பிக்கை வீண் போகவில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஆண்டனி கழுத்தில் ஒரு துவாரத்தோடும் அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியோடும் வீடு வந்தார். ஒரு வாரம் மெஷினைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையால் ஜாடை காட்டினார். எஸ்தர் வற்புறுத்தவில்லை.

ஒரு காலை அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். பின்னாலிருந்து, "எஸ்தரு, தண்ணி."

"வரேன் இருய்யா, ரெண்டு கையா கீது?" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, சொம்பில் மொண்டு, நாலு அடி நடந்து, தண்ணீரை நீட்டின பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சொம்பு கையிலேயே நின்றது. ஆண்டனி மெஷினின் எலியை, அதுதான் மவுஸை, பிடித்த கையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவனின் சிரிப்பு. எஸ்தர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதை எழுதிவிட்டு நானே எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

அந்த வாரம் அவள் கோயிலுக்குப் போய் நன்றிப் பூசை கேட்டாள். யாருக்காக என்று எழுதித் தர வேண்டும் இல்லையா? மெஷினுக்குள் தேடி, அதையெல்லாம் செய்தவர்களின் பெயர்களை அன்வர் பாஷா அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஐந்து பக்கம், எந்தெந்த நாட்டுப் பெயர்களோ. ஃபாதர் முதல் பக்கத்தை உதட்டசைத்துப் படித்துப் பார்த்தார்.

"இத்தனை பேரையும் படிச்சா பூசை முடிய மத்தியானம் ஆயிடும்மா. இவங்கள்லாம் யாரு?"

"தெரியாது ஃபாதர். அவங்களுக்கும் என்னைத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் இப்படி வாசித்தார்: எஸ்தர் ஆண்டனி குடும்பத்தார், முகம் அறியாத உபகாரிகளுக்காக. எங்கோ பனி பெய்கிற ஓர் ஊரில் அவர்களில் ஒருவருக்கு அந்த நேரம் விக்கல் எடுத்திருக்கும் என்று நான் நம்ப ஆசைப்படுகிறேன்.

9

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் அது இல்லை.

ஆகஸ்டில் நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து "யார்ரா அது?" என்று ஒரு குரல் அதிர்ந்தது. இரண்டு அடி பின்வாங்கிவிட்டேன். எஸ்தர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். ஆண்டனி கட்டிலில், மடியில் ஒரு பலகை, பலகை மேல் எலி. அன்றைக்கு அவர் என்னிடம் பேசியவை: டீ குடிக்கிறியா? ஃபேனை நிறுத்து. பிறகு அந்தக் கெட்ட வார்த்தை, என் சட்டை நிறத்தைப் பார்த்து.

நாலாவது இழுப்பறையைப் பற்றிக் கேட்டேன். எழுதுகிறவனுக்கு ஏது வெட்கம்?

அதில் இருப்பது நாலு நொடிக் காதல் என்று முடிக்கலாம், பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். இரண்டாவது இழுப்பறையில் அந்தரத்தில் நிற்கும் அந்த 'மூணு தரம்' என்று முடிக்கலாம், எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்ல ஒரு நொடி போதுமே, மிச்சம் மூன்று நொடி எதற்கு என்று எஸ்தரிடமே கேட்டேன். "பெர்சா கூறறதுக்கு முன்னாடி அவரு மூச்சு இழுப்பாரு சார், நீங்க கேட்டதில்ல" என்றாள். அல்லது ஒன்றுமே இல்லை, தப்பான பட்டனை அமுக்கிவிட்டார், நாலு நொடி வெறும் ஃபேன் சத்தம்… [இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் அடிக்கவில்லை.]

"நீங்களே ஒருநாள் அமுக்கிக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு சார்? மத்ததுல்லாம் தெனம் கேக்கறேன், பழைய பேச்சு. இது ஒண்ணுதான் அவரு இன்னும் பேசாத பேச்சு. எங்க வூட்ல புதுசா ஒரு வார்த்த வரதுக்கு இன்னும் பாக்கி கீது. அது இருந்துட்டுப் போவட்டும்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டனி எலியை நகர்த்தினார். அம்புக்குறி பட்டையில் ஊர்ந்து நாலாவது முக்கோணத்துக்குப் போயிற்று. இழுப்பறை திறந்தது. உள்ளே பெயரில்லாத ஒற்றைப் பட்டன். அம்பு அதன் மேல் போய் நின்றது. எஸ்தரின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் மூச்சு விடவில்லை. ஆண்டனி என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு அம்பைப் பின்னுக்கு இழுத்து, இரண்டாவது இழுப்பறையைத் திறந்து, அமுக்கினார்.

"ஒரு தரம்… ரெண்டு தரம்…"

வீடு முழுக்க அந்தக் குரல் நிறைந்து நின்றது. ஆண்டனி தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். "போய்யா!" என்று எஸ்தர் கரண்டியை ஓங்கினாள். அவள் கண் நிறைந்திருந்தது. இது அவர்களுக்குள் அடிக்கடி நடக்கிற விளையாட்டு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

முப்பத்தொன்றாவதைச் சேர்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே நிறுத்துகிறேன். கூடை உங்கள் முன்னால் இருக்கிறது. நாலு நொடி உங்களுடையது. மூச்சை மட்டும் நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தரம்.

ரெண்டு தரம்.

[                    ]